அக்கா கேட்ட பத்தாயிரம்

வாசகர் கடிதம்:

மேடம், வணக்கம். எனக்கு 34 வயது. பிறந்து வளர்ந்தது காசிமேடு. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாகக் கூடையில் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறேன். பெரம்பூரில் சொந்த ஃபிளாட்டில் கணவர், மகனோடு வாழ்கிறேன். எங்களோடு வரச் சொன்னால் அம்மா வர மாட்டேன் என்கிறார். காசிமேட்டிலேயே இருக்கிறார்.

போன மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பாத்திரம் கழுவி முடித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் பத்தாயிரம் வேண்டும், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. "யோசிச்சு சொல்றேன் அக்கா" என்று ரூமுக்குள் போய், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். "ஒரு தடவை குடுத்தா பழக்கமாயிடும்", "இவங்க எல்லாம் அட்வான்ஸ் வாங்கிட்டு நின்னுடுவாங்க" என்று வரிசையாகப் பதில் வந்தது. கொடுக்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அதே வாரம் அம்மா, சீட்டு எடுத்த பணத்தில் மூவாயிரத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். சுகர் மாத்திரைக்கும் கண் செக்கப்புக்கும் வைத்திருந்த பணம் அது. நான் சத்தம் போட்டேன். "மீன்பிடித் தடை நேரத்துல நமக்கு அரிசி அளந்தது அவ மாமியாதான்டி. உனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

பணம் வந்தால் மூளையில் இரக்கம் குறைந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பதாக ஒரு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. என் மூளை மாறிவிட்டதா மேடம்? அம்மாவை எப்படித் தடுப்பது?

பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றேன். "எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. அதனால் அந்த வயிற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூளையின் பக்கவாட்டில், உள்ளே மடிந்து கிடக்கும் ஒரு பகுதிக்கு இன்சுலா என்று பெயர். பசி, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றைப் பிசைவது என்று உடம்புக்குள்ளிருந்து வரும் செய்திகள் வந்து சேரும் இடம் அது. 2004-இல் தானியா சிங்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் லண்டனில் 16 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மனைவி ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பார், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில நேரம் மனைவியின் கையில் லேசாக ஷாக் கொடுப்பார்கள், சில நேரம் கணவரின் கையில். யாருக்கு விழுகிறது என்பதை ஒரு குறி காட்டும். கணவருக்கு விழும்போதும், தனக்கே விழுந்தபோது வேலை செய்த இன்சுலாவின் முன்பகுதி மனைவிக்கு வேலை செய்தது. கையில் சுருக்கென்று குத்தியதை உணரும் பகுதி அமைதியாக இருந்தது. வலியின் வேதனை மட்டும் இவருக்கு வந்து சேர்ந்தது. "பெத்த வயிறு பத்தி எரியுது" என்று நம் அம்மாக்கள் சொல்வதற்கு ஸ்கேன் தேவைப்பட்டதில்லை. இருந்தாலும் அதைப் படமாகப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அந்த அக்கா உங்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்ட நொடியில் உங்களுக்கு வயிற்றில் ஏதோ செய்ததென்றால், கருவி பழுதாகவில்லை. நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மாறிப்போனது அதற்கு அடுத்த நிமிடம் நீங்கள் செய்தது. அதற்கு வருகிறேன். முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடலாம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே.

வீடியோ பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பால் பிஃப், டாச்சர் கெல்ட்னர் முதலானோர் செய்த சோதனைகளில், முகம் தெரியாத ஒருவரோடு பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னபோது, தங்களைக் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டவர்கள் அதிகம் கொடுத்தார்கள். 2015-இல் மைக்கேல் வார்னம் என்பவரின் குழு, தலையில் மின்முனைகள் வைத்து மூளை அலையைப் பதிவு செய்யும் இஇஜி முறையில் பார்த்தது. வலியில் துடிக்கும் முகத்தைக் காட்டினால், வசதி குறைந்தவர்களின் மூளை கூடுதலாகவும் வசதியானவர்களின் மூளை குறைவாகவும் எதிர்வினை காட்டியது. வசதியானவர்களிடம் கேட்டால், தங்களுக்கு இரக்கம் அதிகம் என்றுதான் சொன்னார்கள். நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக இந்த ஆய்வைத்தான் சொல்லியிருக்கும்.

மீதிப் பாதி இது. 2015-லேயே ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று உளவியலாளர்கள், பல நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை எடுத்து அலசினார்கள். நன்கொடை கொடுப்பதும் சம்பளமில்லாமல் தொண்டு செய்வதும் வசதியானவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. 2020-இல் பெர்க்லியின் 2010 சோதனையை வேறொரு குழு இரண்டு முறை திரும்பச் செய்து பார்த்தது. பழைய முடிவு கிடைக்கவில்லை. ஆக, ஏழை என்றால் ஈரமனசு, பணக்காரர் என்றால் கல்மனசு என்று விஞ்ஞானம் தீர்ப்பு எழுதிவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

என் மனசில் மிகவும் தங்கியது இவற்றையெல்லாம்விட ஒரு தபால் உறை சோதனை. நெதர்லாந்தில் ஒரு நகரத்தில், வசதியான வீடுகளிலும் ஏழை வீடுகளிலும், வேறு யாருக்கோ போகவேண்டிய உறையை 'தவறுதலாக' வந்ததுபோலப் போட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும். சிலவற்றில் ரொக்கம். சிலவற்றில் எடுத்தாலும் பயன்படாத காகிதம். யார் சரியான ஆளிடம் சேர்க்கிறார்கள் என்று பார்த்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பணக்கார வீடுகள்தான் அதிகம் திருப்பின. ஆனால் பணத்தின் தேவை, கையில் காசில்லாத நெருக்கடி இரண்டையும் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, இரண்டு பக்கத்துக்கும் மனசில் வித்தியாசமே இல்லை. ஒரே மாதிரி மனிதர்கள். ஒரு பக்கம் பணம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. அவ்வளவுதான்.

நெருக்கடி தலைக்குள் என்ன செய்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நாளில் ஒரு அறிவுச் சோதனை, அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒன்று. அதே ஆள்தான், ஆனால் காசில்லாத நாளில் மதிப்பெண் கணிசமாகக் குறைந்தது. கவலை தலையில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டால் மிச்சத்தை வைத்துத்தானே யோசிக்க முடியும்? அக்கா உங்களிடம் கேட்க வாயெடுப்பதற்கு முன்னால் எத்தனை நாள் அந்தப் பத்தாயிரத்தைத் தலையில் சுமந்துகொண்டு உங்கள் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். முகத்தைப் பார்க்காமல் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் பார்த்துக் கேட்கும் தெம்பு இருந்திருக்காது.

சரி, இப்போது அம்மாவிடம் வருவோம். நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி அவரைப் பற்றித்தான்.

உங்கள் அம்மா கொடுத்ததை நீங்கள் தர்மம் என்ற கணக்கில் எழுதிவிட்டீர்கள். கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார், ஏமாளி, நல்ல மனசு, பிழைக்கத் தெரியாதவர் என்று. அவர் செய்தது கைமாத்து. காசிமேட்டில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்றாலும், நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டே பல வருடம் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. வட்டி கிடையாது, நோட்டு கிடையாது, தேதி கிடையாது. பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. திரும்பி வரும்போது பணமாகவே வரவேண்டும் என்றும் இல்லை. அரிசியாக வரலாம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு வந்து படுப்பதாக வரலாம். இருபது வருடம் கழித்து வேறு ஆளிடமிருந்தும் வரலாம். உங்கள் வீட்டில் அப்படித்தானே நடந்திருக்கிறது? மாமியார் அளந்த அரிசி, பேரக் குழந்தையின் காய்ச்சலுக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

விசைப்படகு மீன்பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. இப்போது 61 நாள், முன்பு 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். படகுக்குப் போகிறவர், ஐஸ் உடைக்கிறவர், வலை பின்னுகிறவர், கூடை தூக்குகிறவர், ஏலத்தில் நிற்கிறவர் என்று தெரு முழுக்க ஒரே நேரத்தில் வருமானம் நின்றுபோகும். பேங்கில் கேட்டால் அடமானம் கேட்பார்கள். தண்டல்காரரிடம் போனால் கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையிலிருந்து வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணோ, ஹார்பரில் லோடு தூக்கும் அண்ணனோ, நாட்டுப்படகு வைத்திருக்கும் மச்சானோ கொடுக்கும் கைமாத்துதான் அடுப்பை எரிய வைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஆபீஸ் இல்லை, பாலிசி நம்பர் இல்லை. ஆனால் பிரீமியம் உண்டு. உங்கள் கையில் இருக்கும்போது கேட்டால் கொடுக்க வேண்டும், அதுதான் பிரீமியம். அதை ஒரு தடவை கட்டத் தவறினால் தெரு மறக்காது.

இதனால்தான் ஏழைகள் தாராளமானவர்கள் என்று மெச்சிப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஈரம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. கூடவே கூர்மையான கணக்கும் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, யார் திருப்பித் தரவே மாட்டார்கள், யாருக்குத் திரும்பாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த வலைக்குள் இருக்கும்வரை பக்கத்து வீட்டுக் காய்ச்சல் கண்ணில் படாமல் போகாது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மூளை எதிர்வினை காட்டுவதற்கு முதலில் காதில் விழ வேண்டும் அல்லவா?

நீங்கள் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான் தள்ளி வந்திருக்கிறீர்கள். ஆனால் கைமாத்து இல்லாத இடத்துக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் ஃபிளாட்டில் யாரும் யாரிடமும் ஐந்நூறு ரூபாய் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. கிரெடிட் கார்டு இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, பேங்க் லோன் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அதற்காகத்தானே உங்கள் அம்மா கூடை தூக்கினார். ஆனால் அங்கே பணம் போவதற்கு இரண்டே வழிதான் தெரியும்: இஎம்ஐ, இல்லாவிட்டால் டொனேஷன். அக்கா கேட்டது இரண்டும் இல்லை. 'மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவர் உங்களிடம் கைமாத்து கேட்டார், உங்கள் அம்மாவின் பாஷையில். உங்களுக்குத் தாய்மொழி அது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பாஷை தெரியாதவர்களிடம் அர்த்தம் கேட்டீர்கள்.

அந்த அடுத்த நிமிடம் இதுதான். சூரிச்சில் 2010-இல் கால்பந்து ரசிகர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சொந்த அணியின் ரசிகருக்கு வலிக்கும்போது இன்சுலா கூடுதலாகத் துடித்தது, அவருக்காக வலியைப் பங்குபோட்டுக்கொள்ளவும் முன்வந்தார்கள். எதிர் அணிக்காரர் என்றால் அந்தத் துடிப்பு குறைந்தது. எதிரில் இருந்தவர்கள் ஆதரித்த அணிதான் வேறு. உங்கள் குரூப்பில் வந்த பதில்களை மறுபடி படியுங்கள். 'இவங்க எல்லாம்' என்று இருக்கிறது. நீங்கள் கேட்டது ஒரு அக்காவைப் பற்றி. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றவரைப் பற்றி. பதில் வந்தது 'இவங்க'ளைப் பற்றி. பத்தாவது பதிலைப் படிக்கும்போது உங்கள் வயிறு அடங்கிவிட்டிருக்கும். எழுதவில்லை நீங்கள், ஆனால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்தவர் வலி உள்ளே வந்துவிட்டால் அது இரண்டு பக்கம் திரும்பலாம் என்று உளவியலில் வெகுநாளாகத் தெரியும். ஒன்று, அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் பக்கம் போகும். இன்னொன்று, 'என்னால் தாங்க முடியவில்லை, எனக்கு இது நிற்க வேண்டும்' என்று நம் பக்கமே திரும்பும். பின்னது வந்துவிட்டால் மனிதர்கள் வாசலைத் தேடுவார்கள். உங்களுக்கு வாட்ஸ்அப் வாசலாக அமைந்தது. மனசு கல்லாக இருப்பவருக்கு வாசலே தேவைப்படாது. 'முடியாது' என்று அங்கேயே சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போயிருப்பார்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். நான் இருப்பது இரண்டாவது மாடி. கீழ்வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் முழுக்க நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து 'பாக்கவே முடியல' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது உண்மைதான். அதனாலேயே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் காலை குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு படியில் இறங்கினேன். கீழ்வீட்டுப் பாட்டி, 'வாம்மா, அந்த ஸ்டவ்வைக் கொஞ்சம் மேலே தூக்கு' என்று என் கையில் ஒரு கெரசின் ஸ்டவ்வைக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்த பிறகு எனக்குப் பதற்றமே இல்லை. வெங்காயம் நறுக்கினேன். என் வீட்டிலிருந்த ரவை, பருப்பு எல்லாம் வந்துவிட்டது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிக்கவில்லை. ஒரே ஆள், ஒரே மூளை. நடுவில் இருந்தது இரண்டு மாடிப்படி.

பெர்க்லி ஆய்விலும் அப்படி ஒரு பகுதி உண்டு, வீடியோக்களில் அதை யாரும் சொல்வதில்லை. வறுமையில் வாடும் குழந்தைகளைப் பற்றிய ஒரு படத்துண்டைக் காட்டிவிட்டு, பிறகு உதவி கேட்டால், மேல்தட்டுக்காரர்களும் மற்றவர்கள் அளவுக்கே உதவினார்கள். வசதி வந்தால் இரக்கம் செத்துப்போகிறது என்றால் ஒரு படத்துண்டுக்கு அது எழுந்திருக்குமா?

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: உங்கள் மூளை நன்றாக இருக்கிறது. தூங்குங்கள். ஆனால் காலையில் எழுந்ததும் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

அந்த அக்காவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அவர் மறுபடி கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு தடவை கேட்டு வாயை மூடிக்கொண்டவர் இன்னொரு தடவை கேட்க மாட்டார். 'அன்னிக்கு யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டு விட்டுட்டேன் அக்கா, தப்புதான். பணம் தர்றேன்' என்றால் போதும். நீளமான விளக்கம் வேண்டாம், வாட்ஸ்அப் கதையும் வேண்டாம். ரசீது காட்டச் சொல்லாதீர்கள். இன்னொன்று, உணர்ச்சிவசப்பட்டு 'திருப்பித் தர வேண்டாம், வச்சுக்கோங்க' என்றும் சொல்லிவிடாதீர்கள். இதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அவர் கேட்டது கைமாத்து. தர்மமாக மாற்றிக் கொடுத்தால் அவர் தலையில் ஒரு பாரம் ஏறும், அடுத்த மாதம் உங்களிடம் சம்பள உயர்வு கேட்கக்கூட வாய் வராது. மாதம் ஐந்நூறோ ஆயிரமோ, அவர் சொல்லும் தொகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் வருமானம் நின்றால், காய்ச்சல் வந்தால் அந்த மாதம் விட்டுவிடுங்கள். அவருடைய சம்பளத்தைக் கடைசியாக எப்போது கூட்டினீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு.

மகள் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணா என்று கேளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் நம் பக்கத்து பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். காலேஜ் மூலமாகவே விண்ணப்பிக்கலாம். பத்தாயிரம் கொடுப்பதைவிட அந்தப் பெண்ணோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதை முடித்துக் கொடுப்பது சில நேரம் பெரிய உதவியாக இருக்கும். நீங்கள் அந்த ஃபார்ம்களை எல்லாம் கடந்து வந்தவர்.

அப்புறம், கேட்கும்போது யோசிப்பது என்ற பழக்கத்தையே விட்டுவிடுங்கள். மாதம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, இது கைமாத்துப் பணம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். யாராவது கேட்டால் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2007-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் வந்த ஓர் ஆய்வில், கையில் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி பசித்தவர்களுக்கான உணவு வங்கிக்குப் போவதைப் பார்த்தபோது, தனக்கே ஏதோ கிடைத்ததுபோல மூளையின் மகிழ்ச்சிப் பகுதி வேலை செய்தது. வரிபோலத் தானாகப் பிடித்துக்கொண்டபோதும் அப்படித்தான், தானே விரும்பிக் கொடுத்தபோது இன்னும் கூடுதலாக. ஆகவே முன்பே ஒதுக்கி வைத்துவிட்டுக் கொடுத்தால் மனசு நிறையாதோ என்று கவலைப்படத் தேவையில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. அம்மாவைத் தடுக்காதீர்கள். 62-யோ 65-யோ, அந்த வயதில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டி ஆட்டோ பிடிக்கப் போவது பெரம்பூரில் இருக்கும் நீங்கள் இல்லை, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். மூவாயிரம் அங்கே போனது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரைதான் உங்கள் பயம் என்றால் மாத்திரையைப் பணமாகக் கொடுக்காதீர்கள், மாத்திரையாகவே கொடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கண் செக்கப்புக்கு நீங்களே லீவு போட்டு அழைத்துப் போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். அம்மா யாருக்காவது குழு லோனில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, யாருக்காவது தண்டலில் ஜாமீன் நின்றிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். கைமாத்தில் போனால் கொடுத்த தொகை போகும், அதோடு முடிந்தது. கையெழுத்து அப்படி இல்லை, அது வளரும். இந்தப் பக்கத்தில் அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் போன குடும்பங்களை என் ஆலோசனை அறையில் சந்தித்திருக்கிறேன். கேட்கும்போது அதட்டிக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போய், மீன் குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'அம்மா, நம்ம தெருவுல யாரு யாருக்கு நாம கடமைப்பட்டிருக்கோம்?' என்று ஆரம்பியுங்கள். சொல்லிக்கொண்டே போவார். அரிசி அளந்த மாமியார் கதையும் வரும், உங்கள் முதல் செமஸ்டர் ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்பதும் வரக்கூடும். 'உனக்கு இன்னா தெரியும்?' என்று அவர் கேட்டதை நீங்கள் திட்டாக எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியாக எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எப்போது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அக்கா நாளைக் காலை வேலைக்கு வந்ததும் முதலில் அதைக் கேளுங்கள். தேதி போயிருந்தால் அபராதத்தோடு கட்ட முடியுமா என்று காலேஜுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.